ஸ்டிக்கா, மினி பிசியா? கும்பகோணத்து வீடு ஒன்றின் கணக்கு

கும்பகோணத்தில் என் பெரியப்பா வீட்டு ஹாலில் இருப்பது 2018-இல் வாங்கிய 43 அங்குல 4கே டிவி. திரைக்கு ஒரு குறையும் கிடையாது. உள்ளே இருக்கும் ‘ஸ்மார்ட்’டுக்குத்தான் வயதாகிவிட்டது. யூடியூப் திறக்கவே அரை நிமிடம் பிடிக்கும். ஓடிடி ஆப்களில் பாதி, இந்த டிவியில் இனி ஓடாது என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். கம்பெனி அப்டேட் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. நல்ல பேனலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டிவி வாங்குவது தண்டச் செலவு என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி. பின்னால் இருக்கும் ஹெச்டிஎம்ஐ துளையில் எதைச் செருகுவது, ஓடிடி ஆப்களை ஓட்டும் விரலளவு ஸ்டிக்கையா, கம்ப்யூட்டரையா என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன், அதாவது பெரியப்பா மகன், ஒரு குட்டி கம்ப்யூட்டரை வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றார். பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று: எதை வைத்தாலும் ரிமோட் ஒன்றுதான் இருக்க வேண்டும். பெரியப்பா கடைத்தெருவில் 2,200 ரூபாய்க்கு ஒரு கறுப்புப் பெட்டியைப் பார்த்து வைத்திருந்தார். “8கே-ன்னு போட்டிருக்கான்ப்பா, வாங்கலாமா?” என்று கேட்கத்தான் எனக்கு போன் செய்தார். அதற்குள் அண்ணன் பிசிக்கு ஆர்டர் போட்டுவிட்டார். 2025 ஐப்பசியில் தொடங்கிய கதை இது. என் வீடும் அதே ஊரில் என்பதால் அடிக்கடி போய்ப் பார்க்க வாய்ப்பிருந்தது. இதே கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் பலர் இருப்பதால், அந்த வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

யார் எதைப் பார்க்கிறார்கள்

எந்தப் பெட்டி என்று யோசிப்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை.

பெரியம்மாவுக்கு சீரியல்கள். சன் நெக்ஸ்ட்டிலும் ஜியோஹாட்ஸ்டாரிலும், முந்தின நாள் விட்டுப்போன பகுதியை மதியம் சாப்பிட்ட பிறகு பார்ப்பார். ராத்திரி சில சமயம் நெட்ஃப்ளிக்ஸ். அதுவும் மாதம் 199 ரூபாய் பிளான். இந்த பிளானில் படம் வருவதே அதிகபட்சம் 720பி தரத்தில்தான். 4கே வேண்டுமென்றால் 649 ரூபாய் பிளானுக்குப் போக வேண்டும். பெட்டி 4கே-யா 8கே-யா என்று அந்த வீட்டில் நடந்த வாக்குவாதம் முழுக்க 720பி சந்தாவுக்காக நடந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பெரியப்பாவின் உலகம் வேறு. அவரிடம் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. அதில் காசு கொடுத்து வாங்கிய பழைய பட டிவிடிகளின் நகல்கள், கேசட்டிலிருந்து மாற்றிய நாதஸ்வரக் கச்சேரிகள், கும்பாபிஷேக வீடியோக்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக் கல்யாணங்கள். அக்கா கல்யாணம் 2001-இல் நடந்தது, மூன்று விசிடி. அண்ணன் கல்யாணம் 2008-இல், இரண்டு டிவிடி. உறவினர் யார் வந்தாலும் இந்த இரண்டில் ஒன்று ஓடும்.

ஆக, ஒருவர் பார்ப்பது கம்பெனி சர்வரிலிருந்து பூட்டுப் போட்டு வரும் படம். இன்னொருவர் பார்ப்பது தன் கையிலேயே இருக்கும் கோப்பு. ஸ்டிக்கும் பிசியும் பக்கம் பக்கமாக விலைப்பட்டியலில் நிற்பதால் போட்டி போலத் தெரிகிறதே தவிர, இவர் பிரச்சினைக்கு ஒன்று, அவர் பிரச்சினைக்கு மற்றது.

2,200 ரூபாய்ப் பெட்டி

இதை முதலில் தள்ளிவிடலாம். ஆனால் ஏன் தள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான்.

கடைத்தெருவிலும் ஆன்லைனிலும் பெயர் தெரியாத பிராண்டில் கிடைக்கும் இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆண்ட்ராய்டு டிவி அல்ல. செல்போனுக்கான திறந்த ஆண்ட்ராய்டை எடுத்து மேலே டிவி மாதிரி ஒரு முகப்பை ஒட்டியிருப்பார்கள். கூகுளின் சான்று இருக்காது, நெட்ஃப்ளிக்ஸின் சான்றும் இருக்காது. மேலே ஒட்டிய 8கே ஸ்டிக்கரையும் 64 ஜிபியையும் அப்படியே நம்ப முடியாது.

தரம் குறைவு என்றால்கூட விலைக்கு ஏற்ற தோசை என்று விட்டுவிடலாம். 2023 ஜனவரியில் டேனியல் மிலிசிக் என்ற கனடாக்காரர், தான் வாங்கிய டி95 என்ற பெட்டியைப் பிரித்து ஆராய்ந்து, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதற்குள் மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், இருந்ததை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம், இப்படிப்பட்ட பெட்டிகளை வைத்து நடக்கும் மோசடிக்கு ‘பேட்பாக்ஸ்’ என்று பெயரிட்டு அறிக்கை தந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 பற்றிப் பொது எச்சரிக்கையே விட்டது. அடுத்த மாதம் கூகுள் இது தொடர்பாக வழக்குப் போட்டது. சிக்கிய கருவிகள் ஒரு கோடிக்கு மேல் என்றது. பெட்டி உங்கள் வீட்டு இணைய இணைப்பை உங்களுக்குத் தெரியாமல் வாடகைக்கு விடும், விளம்பரங்களைத் தானே கிளிக் செய்துகொண்டிருக்கும். டிவியில் படம் மட்டும் ஒழுங்காக ஓடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

பெரியப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதைச் சொன்னதும் அந்தப் பெட்டியின் பேச்சையே எடுக்கவில்லை.

ஸ்டிக் ஏன் ஜெயிக்கிறது

நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் ஸ்டிக், பதினோராயிரம் ரூபாய் கம்ப்யூட்டரைவிட நெட்ஃப்ளிக்ஸைத் தெளிவாகக் காட்டும் என்றால் பலர் நம்புவதில்லை. காரணம், படத்தை யாரும் நகலெடுக்காமல் இருக்கப் போடும் அந்தப் பூட்டு.

ஆண்ட்ராய்டு பக்கம் இந்தப் பூட்டுக்கு வைட்வைன் என்று பெயர், கூகுளுடையது. அதில் நிலைகள் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறப்பது, படத்தை விரிப்பது இரண்டும் சிப்புக்குள்ளேயே, வெளியிலிருந்து எட்டிப் பார்க்க முடியாத ஒரு பகுதியில் நடக்கும். எல்3 என்றால் வெறும் சாஃப்ட்வேரில் நடக்கும். எல்3-ஐ உடைப்பது ஒப்பீட்டளவில் எளிது என்பதால் எல்3 மட்டும் உள்ள ஆண்ட்ராய்டு கருவிக்கு நெட்ஃப்ளிக்ஸ் எஸ்டி என்ற சாதாரண தரத்துக்கு மேல் கொடுக்காது. நல்ல பிராண்டு ஸ்டிக்குகள் எல்1 சான்றோடு வருகின்றன. கடைத்தெருப் பெட்டியில் பெரும்பாலும் அது இருக்காது.

கம்ப்யூட்டரில் நிலைமை இன்னும் விசித்திரம். நெட்ஃப்ளிக்ஸ் 4கே வர வேண்டுமானால் விண்டோஸ் வேண்டும், எட்ஜ் பிரவுசர் வேண்டும், இன்டெல் என்றால் 7-ஆம் தலைமுறை சிப்பாவது வேண்டும், திரை வரை ஹெச்டிசிபி 2.2 என்ற இன்னொரு பூட்டும் ஒத்துப்போக வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் தரம் இறங்கிவிடும். ஏன் இறங்கியது என்று திரையில் ஒரு வார்த்தை வராது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டரில் 4கே-க்கு வழியே இல்லை. உங்கள் கம்ப்யூட்டர் உங்கள் பேச்சைத்தான் கேட்கும், அவர்கள் பேச்சைக் கேட்காது. படத்தை விற்கிறவர்கள் அதை நம்பாததற்கு அதுவே காரணம்.

இதோடு ரிமோட். ஸ்டிக்கின் ரிமோட்டிலேயே டிவியை ஆன் செய்யலாம், சத்தம் கூட்டலாம். ஹெச்டிஎம்ஐ கம்பி வழியாகவே டிவியும் ஸ்டிக்கும் பேசிக்கொள்ள சிஇசி என்று ஒரு வசதி இருக்கிறது. ஸ்டிக் விழித்தால் டிவி விழிக்கும், டிவி தூங்கினால் ஸ்டிக் தூங்கும். சாதாரண பிசிகளின் ஹெச்டிஎம்ஐயில் இந்த வசதி இருப்பதில்லை. தனியாக ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்கிப் பொருத்த வேண்டும். பெரியம்மா கேட்ட ஒற்றை ரிமோட் சிஇசி போன்ற வசதியால்தான் சாத்தியம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கேட்டது சரியான கேள்வி.

அண்ணன் வாங்கிய பிசி

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையிலிருந்து வந்தது. ஏதோ அலுவலகத்தில் மேசைக்கடியில் கிடந்த ரகம். 7-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒரு தடிமனான டைரி அளவுதான் இருக்கும். பதினோராயிரம்.

இவ்வளவு மலிவாகக் கிடைக்க ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 11 இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ள சிப்களைப் பொதுவாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அலுவலகங்கள் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களை மொத்தமாகக் கழித்துக் கட்டுகின்றன. மெஷினில் பழுது ஏதும் இல்லை. விண்டோஸின் வயதுக் கணக்குதான் அதைக் கிழமாக்கியது.

கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் அந்தப் பூட்டுக் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் உயர்தரத்துக்கு விண்டோஸ் வேண்டும். அந்த மெஷினில் ஓடும் விண்டோஸுக்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. லினக்ஸ் போட்டால் மெஷினுக்கு மறுவாழ்வு, நெட்ஃப்ளிக்ஸுக்குத் தரம் போச்சு. பழைய அலுவலக பிசியை டிவிக்கு வாங்குகிறவர்கள் எல்லோரும் இந்த முட்டுச்சந்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

ஒரு காலத்தில் டிவிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைப்பதைவிட நல்ல வழியே இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2002-இல் மைக்ரோசாஃப்ட் மீடியா சென்டர் பதிப்பு என்றே தனி விண்டோஸ் விட்டது. அதே காலத்தில் முதல் எக்ஸ்பாக்ஸுக்காக ஆர்வலர்கள் எழுதிய எக்ஸ்பிஎம்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருள், 2014-இல் கோடி (Kodi) என்று பெயர் மாறி இன்றும் இருக்கிறது. நம்மூரில் டிவி ட்யூனர் கார்டு வாங்கி கேபிள் கம்பியை கம்ப்யூட்டரிலேயே செருகிப் படம் பதிவு செய்தவர்கள் ஏராளம். கேபிள் டிஜிட்டலாகி செட்டாப் பாக்ஸ் கட்டாயமானதும் அந்த கார்டுகள் பரணுக்குப் போயின. விண்டோஸ் 10 வந்தபோது, 2015-இல், மைக்ரோசாஃப்டும் மீடியா சென்டரைக் கைவிட்டது. அண்ணன் அந்தத் தலைமுறை. அவர் மனதில் இருந்த பிசி அந்தக் காலத்துப் பிசி.

டிவிக்கடியில் பிசி இருந்த நாட்கள்

பெரியப்பாவுக்குக் கொண்டாட்டம். கோடியில் டிஸ்க் முழுவதும் போஸ்டரோடு வரிசையாக வந்து நின்றது. அதுவரை டிவியின் யூஎஸ்பியில் டிஸ்கைச் செருகினால் அக்கா கல்யாணம் மட்டும் பட்டியலில் வரவே வராது. விசிடியிலிருந்து அப்படியே நகலெடுத்த கோப்புகள் அவை. AVSEQ01.DAT என்று பெயர் இருக்கும். உள்ளே இருப்பது எம்பெக்-1 வீடியோ, 352-க்கு 288 புள்ளிதான். டிவிக்கு .DAT என்ற வாலைப் பார்த்ததும் இது வீடியோ என்றே தெரியாது. பிசி அதை ஒரு கேள்வி கேட்காமல் ஓட்டியது.

அண்ணன் கல்யாணத்தில் இன்னும் நுணுக்கமான விஷயம். டிவிடி 720-க்கு 576, விநாடிக்கு 50 அரைப்படங்கள். ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்தமுறை என்று மாறி மாறி வரும். பழைய பிக்சர் ட்யூப் டிவிக்கு அதுதான் இயல்பு. இன்றைய திரையில் இரண்டையும் சரியாகக் கோக்காவிட்டால், மாலை மாற்றும் இடத்தில் கை அசையும்போதெல்லாம் விளிம்புகள் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரியும். டிவியின் பிளேயரில் அப்படித்தான் தெரிந்தது. கோடியில் டீஇன்டர்லேஸ் அமைப்பை ஆன் செய்ததும் வழுக்கிக்கொண்டு ஓடியது. பெரியப்பா அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

பெரியம்மா பக்கம் நிலைமை வேறு. டிவியை ஆன் செய்தால் ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு சதுரம் திரையில் மிதக்கும். குனிந்து பிசியின் பட்டனை அமுக்க வேண்டும். பிறகு மடியில் ஒரு குட்டி கீபோர்டு. பிரவுசரைத் திறந்து, சின்ன எழுத்தில் தெரியும் படங்களுக்கு நடுவே மவுஸ் அம்பை ஓட்டிப் பிடிக்க வேண்டும். ஓடிடி தளங்களின் பிரவுசர் பக்கங்கள் ஓரடி தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்காகச் செய்தவை. சோபாவிலிருந்து பார்க்கிறவருக்காகச் செய்தவை அல்ல.

மவுஸ் அம்பும் ஒட்டி ஒட்டி நகர்ந்தது. அலுவலகத்துக்காகச் செய்த இந்த ரக மினி பிசிகள் பலவற்றில் ஹெச்டிஎம்ஐ 1.4 தான். அதில் 4கே கொடுத்தால் விநாடிக்கு 30 முறைதான் திரை மாறும். நான் 1080பி, 60-க்கு இறக்கி வைத்தேன். டிவி தானே பெரிதாக்கிக் காட்டிக்கொண்டது. அந்தத் தூரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டிவி படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிக் காட்டியதால் டாஸ்க்பார் பாதிதான் தெரிந்தது. அதை டிவியின் பட அளவு மெனுவில் போய் ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று மாற்ற வேண்டியிருந்தது. சத்தம் ஒரு தனிக் கதை. டிவியை முதலில் அணைத்துவிட்டால் பிசி, ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு தன் உள்ஸ்பீக்கருக்கு மாறிவிடும். மறுநாள் டிவி மௌனம்.

இவை எல்லாமே தீர்க்கக்கூடியவை. எனக்கு ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒவ்வொன்றையும் தீர்க்க ஒரு ஆள் வேண்டும்.

யார் பார்த்துக்கொள்வது?

ஒரு சனிக்கிழமை ராத்திரி, சம்பந்தி வீட்டார் வந்திருக்கும்போது, பிசி, நிலுவையில் கிடந்த பழைய அப்டேட்களைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தது. திரையில் சதவீதம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த வழியில்லை. பெரியப்பா மகனுக்கு போன் போட்டார். அண்ணன் பெங்களூரிலிருந்தே சரிசெய்கிறேன் என்றார். அப்டேட் முடிந்ததும், தொலைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் ஆப்பைப் போடச் சொன்னார்.

“அதுல ஒரு நம்பர் வரும்ப்பா, அத மட்டும் எனக்குப் படிச்சுச் சொல்லுங்க.”

“நம்பரா? பேங்க்ல கவுண்டர்ல உட்கார்ந்துகிட்டு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், எவன் கேட்டாலும் அந்த நம்பரக் கொடுக்காதீங்கன்னு. இப்ப நானே போடணுமா?”

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. எனிடெஸ்க்கை வைத்து வாடிக்கையாளர்களின் பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது. அதற்குப் பிறகு நாடு முழுவதும் கவுண்டர்களில் இதே பல்லவிதான். கேட்பது சொந்த மகன் என்றாலும், அந்த ஆப் தன் வீட்டில் இருப்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. அதோடு தொலைவிலிருந்து பழுதுபார்க்கும் கதவு மூடிவிட்டது.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். ஸ்டிக்கா பிசியா என்று கேட்பவர்கள் விலை, ரேம், 4கே என்று பேசுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் எழுந்து போய்ப் பார்க்கிற ஆள், அந்த வீட்டிலேயே தூங்குகிறவரா? ஆம் என்றால் பிசி ஒரு சுகம். சொல்லப்போனால் நோண்டுவதே அவருக்குப் பொழுதுபோக்கு. அந்த ஆள் பெங்களூரில் இருந்தால், அவர் ஆசைப்பட்டதற்கான விலையை வீட்டில் இருக்கிறவர்கள் தினமும் கொடுக்கிறார்கள். பெரியம்மா கொடுத்தார். கார்த்திகை வருவதற்குள் அவர் டிவி பக்கமே வருவதை விட்டுவிட்டு, செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து சீரியல் பார்க்கத் தொடங்கியிருந்தார். 43 அங்குலம் சும்மா கிடந்தது.

மாற்றியமைத்தது

அண்ணன் கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்தபோது மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். டிவியில் ஒரு ஸ்டிக், பிசி ஹாலை விட்டு வெளியே. அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “பதினோராயிரம்டா” என்றார். பெரியம்மா அடுப்படியிலிருந்தே, “அத எங்கயாவது வை, எனக்கு ரிமோட் போதும்” என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது.

ஸ்டிக் வேலையில் சொல்ல எதுவும் இல்லை. செருகி, வைஃபை கொடுத்து, ஆப்களில் உள்ளே நுழைந்ததும் முடிந்தது. முகப்பில் விளம்பரம் வருகிறது, அதற்கு மருந்தில்லை. வைஃபையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரைத் தேர்ந்தெடுத்தது மட்டும் நான் கவனித்துச் செய்தது.

பிசியைத்தான் யோசித்து வைத்தோம். அது வேறோர் அறையில் ரவுட்டருக்குப் பக்கத்தில், லேன் கம்பியில் போய் உட்கார்ந்தது. விண்டோஸைத் துடைத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டேன், மேலே ஜெல்லிஃபின் என்ற, நம் வீடியோக்களை வீட்டுக்குள்ளேயே டிவிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள். எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது 2018-இல் அதிலிருந்து பிரிந்து வந்தது இது. முழுக்க இலவசம், சந்தா கிடையாது. டிஸ்க் பிசியில் இருக்கும், ஸ்டிக்கில் ஜெல்லிஃபின் ஆப் இருக்கும், பெரியப்பா அதே ரிமோட்டில் அதைத் திறந்தால் கல்யாணங்கள் வரிசையாக நிற்கும். ஸ்டிக்குக்குப் புரியாத வீடியோவை பிசி அந்தக் கணமே மாற்றி அனுப்பும். இன்டெல் சிப்பில் இருக்கும் குவிக் சிங்க் இதற்கென்றே உள்ளது, 7-ஆம் தலைமுறையே தாராளம். அண்ணன் கல்யாண டிவிடி இப்போது பிசியிலேயே கோடு பிரியாமல் கோக்கப்பட்டு ஸ்டிக்குக்குப் போகிறது. அக்கா கல்யாண .DAT கோப்புகளை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் கொண்டு ஒரே தடவை .mpg ஆக மாற்றி வைத்தேன். படத்தைத் தொடவில்லை, வெளி உறை மட்டும் மாறியது. அதனால் தரம் இறங்கவில்லை.

ஆள் இல்லாமல் ஓட வேண்டிய மெஷின் என்பதால் இரண்டு சின்ன அமைப்புகளில் பிடிவாதமாக இருந்தேன். ஒன்று, பயாஸில், அதாவது விண்டோஸோ லினக்ஸோ தொடங்குவதற்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில், கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி மாற்றியது. அலுவலக பிசிகளில் இந்த வசதி அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. கரண்ட் போய் வருகிற ஊரில் இது இல்லாத சர்வர் இரண்டாம் நாளே செத்த பொருள். இன்னொன்று, ரவுட்டரில் இந்த பிசிக்கு ஒரே முகவரியை நிரந்தரமாக ஒதுக்கியது. ஒதுக்காவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் முகவரி மாறலாம், ஸ்டிக்கில் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று வரும், பெரியப்பா எனக்கு போன் செய்வார். இப்போது செய்வதில்லை.

பணமும் கரண்டும்

பிசி 11,000, ஸ்டிக் 4,300, இனி யாரும் தொடாத குட்டி கீபோர்டு 900. மொத்தம் 16,200. டிஸ்க் முன்பே இருந்தது.

கரண்ட் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிசியும் டிஸ்கும் சேர்ந்து சும்மா இருக்கும்போது சராசரியாக 15 வாட் இழுக்கின்றன என்று வைத்தால், 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 21 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஸ்டிக் 3 வாட் என்றால் நாலு யூனிட் சொச்சம். 21 யூனிட் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ்ப்படிகளில் இருந்த சலுகை விலையும் கைவிட்டுப் போகும். ஏசி ஓடும் கோடையில் 490-இல் நிற்கும் வீட்டை இந்த 21 யூனிட் அந்தப் பக்கம் தள்ளிவிடும். பெரியப்பா வீடு 300-க்குள் நிற்பதால் கவலையில்லை.

பிசி இல்லாமலே இதை முடித்திருக்கலாமா என்று அண்ணன் கேட்டார். முடித்திருக்கலாம். பழைய வீடியோக்களை ஏதாவது ஒரு லேப்டாப்பில் ஒருமுறை உட்கார்ந்து சாதாரண எம்பி4 ஆக மாற்றி, டீஇன்டர்லேஸையும் அப்போதே செய்து, டிஸ்கை ரவுட்டரின் யூஎஸ்பியில் மாட்டியிருந்தால் ஸ்டிக்கில் விஎல்சி பிளேயர் போட்டே பார்த்திருக்கலாம். போஸ்டர் அழகு இருக்காது, அவ்வளவுதான். முதலில் ஸ்டிக் வாங்கி இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, டிஸ்கில் இருப்பது நிஜமாகவே ஓடவில்லை என்றால் மட்டும் பிசிக்குப் போவது என்ற வரிசைதான் எந்த வீட்டுக்கும் நான் சொல்வது. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் எப்படி என்று கேட்பவர்களும் உண்டு. சொந்தக் கோப்புகளுக்கு நல்ல பொருள், சிஇசி இருப்பதால் டிவி ரிமோட்டே வேலை செய்யும். ஓடிடிக்கு அதே பூட்டுத் தொல்லைதான்.

டிவிக்கடியிலேயே பிசி வைக்க வேண்டிய வீடுகளும் இருக்கின்றன. புளூரே தட்டுகள் சேர்ப்பவர், ஆம்ப்ளிஃபையரோடு டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி ஒலியைக் குறைக்காமல் கேட்க வேண்டும் என்பவர் பிசிக்குப் போகலாம். சாதாரண ஸ்டிக்கை நம்பி அதில் இறங்க முடியாது. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பையும் பெரிய திரையில் போட வேண்டும், பழைய வீடியோ கேம்களும் ஆட வேண்டும் என்கிற வீட்டுக்கும் அதுவே பொருந்தும். அப்படிப்பட்டவர்கள் பழைய ஏழாம் தலைமுறையைத் தேடாமல் இன்டெல் என்100 போட்ட புது மினி பிசியைப் பார்க்கட்டும். 2023-இல் வந்த சிப், 6 வாட் ரகம், ஏவி1 என்ற புது வீடியோ வடிவம் வரை வன்பொருளிலேயே விரிக்கும், விண்டோஸ் 11-உம் ஏற்கும்.

ஸ்டிக்குக்கும் ஆயுள் உண்டு. அமேசானின் 2014 ஃபயர் டிவி ஸ்டிக்கில் நெட்ஃப்ளிக்ஸ் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. பத்தாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது, குறை சொல்ல முடியாது. பெரியப்பா வீட்டு ஸ்டிக் ஐந்தே ஆண்டில் போய்விட்டாலும் மாதத்துக்கு 72 ரூபாய்தான் ஆகிறது, புதிது வாங்கி ஜெல்லிஃபின் முகவரியை அடித்தால் பழைய இடத்திலிருந்து தொடரலாம்.

டிஸ்க் போனால்தான் திரும்பாது. விசிடிகளில் ஒன்று ஏற்கெனவே பூஞ்சை பிடித்துப் படிக்க முடியாத நிலையில் இருக்கிறது. அக்கா கல்யாணத்தின் அந்தப் பகுதிக்கு இந்த ஒரே டிஸ்க்தான் ஆதாரமாக இருந்தது. இன்னொரு 4 டிபி டிஸ்கில் முழு நகல் எடுத்து அண்ணன் பெங்களூருக்குக் கொண்டுபோயிருக்கிறார். பொங்கலுக்கு வரும்போது அதைக் கையோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், இடையில் சேர்ந்த வீடியோக்களை ஏற்ற வேண்டும்.